சாபோ மீன் கடையின் வெற்று ஆணிக்குக் கீழே, நடுக்காவலர் லூஷியஸ் பெட்டிவேக்கு வாசித்தளித்த மடல்

டோலிடோ நாரை அமெரிக்கக் கால்பந்து அணியின் நடுநெஞ்சே! நாற்புறமிருந்தும் பாய்ந்து வந்த பந்தை நடுவழியில் நிறுத்திய நாயகரே! ஈரி ஏரியின் பனிக்காற்றில் எதிரணிப் பிள்ளைகள் கையுறைமேல் கையுறை போட்டு நடுங்கியபோது, கையில்லாச் சட்டையோடு நின்று, எங்களையும் அப்படியே நிற்கவைத்த கல்நெஞ்சக்காரரே! பதின்மூன்று பருவங்கள் மோதி, விழுந்து, எழுந்து, இன்று தோள்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்து இறுக உட்கார்ந்திருக்கும் எங்கள் லூ அண்ணனே! வருக, வாழ்க!

இம்மடலை உமது வலப்பக்கம் நின்று வாசிக்கிறேன். ஒலிவாங்கி இடப்பக்கம் இருக்க, இந்தத் தடியன் ஏன் நாற்காலிகளுக்கு நடுவே வந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பின்வரிசையில் முணுமுணுப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது, வரும். அதுவரை மீனைத் தின்றுகொண்டிருங்கள்.

முன்வரிசையில் குனிந்து நின்று எதிரணியின் எடையையெல்லாம் மார்பில் தாங்கிய காஸிமிர் நோவாக் என்னும் நான், தற்காப்பு வரிசை அனைவர் சார்பிலும் இதை எழுதினேன். என் முகத்தைவிட என் முதுகைத்தான் நீர் அதிகம் பார்த்திருப்பீர். உமது முகத்தைவிட உமது குரலைத்தான் நான் அதிகம் அறிவேன். பந்து அசைவதற்கு முன் என் பின்னாலிருந்து, "காஸ், கொஞ்சம் இடது பக்கம் போ. இன்னும் போடா, உன் வயித்துக்கு அந்த எடம் பத்தாது!" என்று வரும் அந்தக் குரல்! அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கில் அது ஒன்றுதான் எனக்குத் துணையாக இருந்தது.

அலபாமாவிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு நீர் இந்நகருக்கு வந்து இறங்கிய ஜூலையை இங்குள்ள மூத்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாரை என்று பெயர் வைத்துவிட்டு யானைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று வாய்விட்டுச் சொன்னீராம். முதல் நாளே பயிற்சியாளர் ஹோரஸ் பிளெட்சோவிடம், அவர் பலகையில் வரைந்த வியூகம் தவறு என்றும் சொன்னீராம். "யாருடா இவன்? வந்த அன்னிக்கே எனக்குப் பாடம் எடுக்கிறான்!" என்று அவர் தொப்பியைத் தரையில் அடித்தாராம். மறு வாரமே, உமது தலைக்கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளியைத் தன் கையாலேயே ஒட்டினாராம்.

அந்தப் பச்சைப் புள்ளி! களத்துத் தற்காப்பில் ஒருவருக்கே உரிய உரிமை அது. பயிற்சியாளர் ஓரத்திலிருந்து பேசுவது அந்தக் கவசத்துக்குள் மட்டுமே கேட்கும். கேட்டவர் மற்றப் பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டும். நீர் கேட்டீர், சொன்னீர், சொன்னபடி நாங்கள் நின்றோம். "லூ உள்ள இருக்கிறவரைக்கும் நான் தூங்கிக்கிட்டே கோச்சா இருக்கலாம்" என்று பிளெட்சோ சொல்வார். ஒரு தடவை உண்மையாகவே தூங்கிப்போனார், நாமும் ஜெயித்தோம்.

வியாழக்கிழமைகளை எப்படி மறப்பது? பயிற்சி முடிந்ததும் தற்காப்பு வரிசை முழுவதும் இதே சாபோ மீன் கடைக்கு வரும். போன ஆட்டத்தில் பிடிக்க வேண்டிய ஆளைக் கோட்டைவிட்டவன் ஏப்ரன் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும், அவன் எத்தனை பெரிய கொம்பனாக இருந்தாலும் சரி. சட்டம் உம்முடையது. நீரும் கட்டினீர். கடை முதலாளி ஹெலன் சாபோ அம்மையாரின் பூப்போட்ட ஏப்ரன் உமது மார்பில் கைக்குட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்க, இரு கையிலும் தட்டு ஏந்தி, "சூடு, சூடு, வழி விடுங்கப்பா!" என்று நீர் வந்த அழகு! அன்று எடுத்த படத்தைத்தான் அம்மையார் சட்டம் போட்டு, குளிர்பெட்டிக்கு மேலே மாட்டினார். துறைமுகத்து ஆட்கள் மீன் வாங்க வரும்போது அதன் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள், நல்ல சகுனமாம். ஆகா, என்ன காலம் அது! அந்த வியாழன்களில் ஒன்றைத் திருப்பித் தருவதாக இருந்தால், என் முழங்கால் இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிடுவேன். அவை எப்படியும் உதவாதவை.

இப்போது எல்லோரும் அந்தச் சுவரைப் பாருங்கள். நீர் பார்க்கமாட்டீர் அண்ணா, வந்ததிலிருந்து அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறீர். படம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது, ஆணி அப்படியே இருக்கிறது. இந்தக் கடையில்தான் விழா என்றபோது, "வேற எடமே கெடைக்கலையாடா உங்களுக்கு?" என்று கேட்டீர். இடம் நிறையக் கிடைத்தது. எங்களுக்கு இந்தச் சுவர்தான் வேண்டியிருந்தது.

மூன்று பருவங்களுக்கு முன், சனவரி மாதம், ஆலங்கட்டி மழை. ஓமஹா அணியோடு அரையிறுதி. நாம் இரண்டு புள்ளி முன்னால், ஆட்டம் முடிய நிமிடம்கூட இல்லை. பந்து நகருமுன்பே ஓமஹாக்காரன் ஒருவன் அசைந்துவிட்டான், நடுவர் விசில் ஊதினார், ஆட்டம் நின்றது. இருபத்தொரு பேர் நின்றார்கள். நீர் மட்டும் நிற்கவில்லை. கையில் பந்தோடு, காவலின்றி, நிமிர்ந்து நின்ற அவர்களுடைய பந்தெறியும் குவார்ட்டர்பேக் எலியட் சோரன்சன்மீது முழு வேகத்தில் பாய்ந்தீர். அவருடைய கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தண்டனையாக அவர்களைப் பதினைந்து கஜம் முன்னேற விட்டோம். அவர்கள் அங்கிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, மூன்று புள்ளி எடுத்து வென்றார்கள். நம் கனவு அன்றோடு போயிற்று.

அதற்கப்புறம் இந்த ஊர் உமக்குக் கொடுத்த பெயர் எல்லோருக்கும் தெரியும். அழுக்கு ஆட்டக்காரன். விசிலுக்குப் பின் அடிக்கிற கோழை. பத்திரிகைக்காரர்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்டபோது, "தப்பு என்னுதுதான்" என்றீர், வேறு ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் ஹெலன் அம்மையார் படத்தைக் கழற்றினார். "ஆள் இல்லாதப்ப அடிக்கிறவன் மூஞ்சி என் கடையில வேணாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் செய்தது சரி. அன்று முதல் நீர் இந்தப் படியை மிதிக்கவில்லை. நம் வியாழக்கிழமைகள் என் அம்மா வீட்டு நிலவறைக்குப் போயின. அம்மாவின் முட்டைக்கோஸ் உருண்டையை நீர் எத்தனை புகழ்ந்தாலும், மீனுக்கு உமது நாக்கு ஏங்கியது எங்களுக்குத் தெரியாதா?

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லக் கூடாது என்று நீர் எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர். அதை இன்று உடைக்கிறோம். வேண்டுமானால் எழுந்து வந்து அடியும், நான் எங்கும் ஓட மாட்டேன். உமது துணைவியார் எர்னஸ்டீன் அண்ணியிடம் நேற்றே கேட்டுவிட்டோம். "சொல்லித் தொலைங்கடா! அவர் கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க. இத்தனை வருஷமா வீட்டுல கத்திக் கத்திப் பேசி என் தொண்டையே போச்சு" என்றார் அந்தப் புண்ணியவதி.

கேளுங்கள் டோலிடோ மக்களே! இவருக்கு விசில் கேட்கவில்லை.

வருடக்கணக்கில் வாங்கிய மோதல்களில் இடது காது முழுக்கச் செத்துப்போயிருந்தது. வலது காதுக்குள் பிளெட்சோவின் குரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் நின்றது இடப்பக்கம். இது எங்களுக்கும் அன்றுவரை தெரியாது. தோற்று உடைமாற்றும் அறைக்குள் வந்ததும், உமது இடப்பக்கம் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். என் நாக்கில் வந்த வார்த்தைகளை இந்தச் சபையில் சொல்ல முடியாது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைய அரங்க இரைச்சலில் வலது காதும் அடைத்துப்போயிருக்க, நீர் மட்டும் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தீர். பிறகு என் கால்களைக் கண்டு நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டீர்: "டேய் காஸ், எப்படா வந்த?"

நான் அழுதேன். இவ்வளவு பெரிய உடம்பு அழுதால் பார்க்க நன்றாக இருக்காது, ஆனாலும் அழுதேன்.

ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினோம். "சொன்னா டாக்டர் என்னை உள்ள விடமாட்டாரு. சொல்லலைன்னா பேர் தானே போகும்? போகட்டும். இன்னும் கொஞ்ச காலம் உங்க கூட ஆடணும்டா எனக்கு" என்றீர். அது புத்திசாலித்தனமா என்று கேட்டால், இல்லை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்களோடு ஆடுவதற்காகத் தன் நல்ல பெயரைக் கழற்றி வைத்த மனிதரை நாங்கள் வேறு எங்கே போய்த் தேடுவோம்?

பச்சைப் புள்ளியை மறு பருவமே நீராகவே உரித்து, இளையவன் டாரியஸ் கீனின் கவசத்தில் ஒட்டினீர். பயிற்சியாளர் உம்மைத் தண்டித்துவிட்டார் என்று ஊர் கைகொட்டியது. "புள்ளி சின்னதுதான், பாரம் பெருசு. பாத்துக்க" என்று நீர் அவனிடம் சொன்னது ஊருக்குத் தெரியாது. அதற்குப் பின் ஒவ்வொரு விசிலுக்கும் பக்கத்தில் இருப்பவன் உமது இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டுவான், நீர் நிற்பீர். மூன்று பருவங்கள், சொந்த அரங்கிலேயே உம்மை நோக்கி ஊளையிட்டார்கள். ஒருநாளும் விசிலுக்குப் பின் உமது கை எவர்மேலும் பட்டதில்லை. ஊளை பாதிதான் கேட்குது, அதுவும் ஒரு வசதிதான் என்று சொல்லிச் சிரித்தீர். நாங்கள் சிரிக்கவில்லை.

நம்பாதவர்கள் மூன்றாவது மேசையைப் பாருங்கள். அங்கே உட்கார்ந்து இரண்டாம் தட்டு மீனை முடித்துக்கொண்டிருப்பவர் எலியட் சோரன்சன், கழுத்தெலும்பு முறிந்த அதே சோரன்சன். அன்று மாலையே நீர் மருத்துவமனைக்குப் போனீர். அவர் உம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ நல்லவனா கெட்டவனாங்கிறதை அப்புறம் பேசலாம். விசில் கேட்டுச்சா, இல்லையா?" கேட்கவில்லை என்றீர். "அப்ப சரி. வலி உயிர் போகுது, போய் ஒரு காபி வாங்கிட்டு வா" என்றார். இன்றுவரை அவரும் வாயைத் திறக்கவில்லை. இதைக் கேட்பதற்காகவே ஓமஹாவிலிருந்து காரோட்டி வந்திருக்கிறார்.

எங்கள் தோளே! எங்கள் துணையே! இனி உமது முழங்கால் மழைக்கு முன்கூட்டியே வலிக்காதிருக்கட்டும். உமது விரல்கள் நேராகி, காபிக் கோப்பையின் காதுக்குள் நுழையட்டும். அலபாமாவின் மாலை வெயிலில் அண்ணியும் நீரும் நெடுங்காலம் நோயின்றி, ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு வாழ வேண்டும். உமது வலது காதை ஆண்டவன் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், அதில்தான் நாங்கள் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நீர் இழந்த பெயரை எங்களால் முடிந்தவரை இன்று திருப்பி வைத்துவிட்டோம். எடுத்துக்கொள்வது உமது விருப்பம்.

இங்ஙனம்,
உமது குரலுக்கு நின்று பழகிய,
டோலிடோ நாரை அணியின் தற்காப்பு வரிசையினர்
எழுதி வாசித்தவன்: காஸிமிர் நோவாக்

இம்மடலைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன் கீழே சேர்த்தது:

வாசித்து முடித்தேன். லூ அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலன் அம்மையார் கொதிக்கும் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அந்தப் படத்தை எடுத்து வந்தார். தூக்கிப்போடாமல் துணி சுற்றி வைத்திருந்திருக்கிறார். அதை ஆணியில் மாட்டினார், கோணலை நேராக்கினார், கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, பூப்போட்ட ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடை அதிரத் திட்டத் தொடங்கினார். "அட பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உனக்கு நான் யாரு? இத்தனை நாள் என்னைப் பாவியாக்கி வெச்சிருந்தியே!"

அண்ணன் மெல்லத் திரும்பினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் தூக்கித் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, அந்தப் பக்கம் நின்னு திட்டினா எனக்கு எப்படிக் கேக்கும்? இந்தப் பக்கம் வந்து திட்டு."

ஹெலன் அம்மையார் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். வந்து, முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்.