உச்சியில் நிற்கும் கணம்

பிள்ளைகளா, நேற்றுக் காலை எம். புதுப்பட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில், பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நான் திரி வச்ச பேன்சி வெடியைச் சாயந்தரம் விட்டுப் பாக்குறாக மதினி. போன தடவை வானத்துல ஏறிட்டுக் கீழ இறங்கும்போது வெடிச்சிருச்சு. இன்னைக்கும் அப்படின்னா என்னையப் பழையபடி பெட்டி ஒட்டத்தான் அனுப்புவாக."

"திரியைக் குறைச்சியா?"

"குறைச்சேன். உச்சியில போயி நிக்கும்ல, அங்கன வெடிச்சாத்தான் வட்டமாப் பூக்கும்."

"அந்தரத்துல யாருடி பிடிச்சு நிறுத்துறது, உன் மாமியாரா?"

"பூமிதான் மதினி. கிளம்புனதுல இருந்து ஒரே அளவா இழுக்குதாம். நொடிக்கு நொடி வேகம் அதே அளவு குறைஞ்சு, ஒண்ணுமில்லாமப் போற இடந்தான் உச்சி. அங்கன நிக்கும்போதும் இழுப்பு குறையாதாம். போர்மேன் சொன்னாரு."

மதினி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"நிக்கும்போதுமா?" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் நான் தனியாக மொட்டை மாடிக்குப் போனேன். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பொறி ஏறியது, வேகம் குறைந்தது, நின்றது. முழு வட்டமாகப் பூத்தது.

கையிலிருந்த வீட்டுச் சாவியை நானும் மேலே எறிந்து பார்த்தேன். அதுவும் ஒரு கணம் நின்றது.