அடைக்கிறதா, கரிக்கிறதா

நெஞ்சு வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாயுதான். மிச்சப் பாதியைப் பிரித்தெடுப்பதற்காகத்தான் அவசரப் பிரிவு வாசலில் மேஜை போட்டு என்னைப் பத்தொன்பது வருடமாக உட்கார வைத்திருக்கிறார்கள். நோயாளி வாயிலிருந்து விழும் முதல் வார்த்தையை அப்படியே சீட்டில் எழுத வேண்டும். அடைக்கிறது என்றால் இதயம், உடனே உள்ளே. இழுக்கிறது என்றால் நுரையீரல். கரிக்கிறது என்றால் வயிறு, பெஞ்சில் காத்திருக்கலாம்.

பெரிய டாக்டர் சீட்டைப் படிக்கவே மாட்டார். நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர் என்று என் முகத்தைத்தான் பார்ப்பார். என் கணிப்பு ஒரு நாளும் தப்பியதில்லை.

அப்புறம் சின்ன டாக்டர் வந்தாள். தங்கமான பெண், பொய் சொல்ல மாட்டேன். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். வந்த மூன்றாம் வாரம், வெறும் இழுப்பு என்று நான் அனுப்பிய ஒரு அம்மாளின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இது இதயக் கோளாறு என்றாள். அதுவேதான். யாருக்கும் நேரக்கூடிய பிசகு. ஆனால் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளைத் தூக்கி வைத்துப் பேசினார். அன்றிலிருந்து அவளிடம்தான் கேட்டார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்த பஸ் டிரைவர் முற்பகலில், மனைவி தோளைப் பிடித்தபடி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"நெஞ்சை அடைக்குது சிஸ்டர். இடது கை மரத்துப் போச்சு."

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மனைவியைப் பதிவுச் சீட்டு வாங்க வரிசைக்கு அனுப்பினேன். பிறகு, கரிக்கிறது, காரமாகச் சாப்பிட்டாராம் என்று எழுதினேன். கையைப் பற்றி எழுதவில்லை.

அரை மணி நேரம் பெஞ்சில் இருந்தார். சின்ன டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, கரிக்குதாங்க என்று கேட்டாள். டாக்டர் எதைக் கேட்டாலும் நம் ஜனங்கள் ஆமாம் என்பார்கள். மனைவி இன்னும் வரிசையில் நின்றாள். அவரும் ஆமாம் என்றார். ஈ.சி.ஜி. எடுத்தாள், சுத்தமாக இருந்தது. முதல் ஈ.சி.ஜி. சில சமயம் ஏமாற்றும். அடைக்கிறது என்று நான் எழுதியிருந்தால் இன்னொன்று எடுத்திருப்பாள், ரத்தமும் சோதித்திருப்பாள். எழுதியது அக்கா ஆயிற்றே, நம்பி அமில மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அவள் கணிப்பு ஒரு தடவை தப்பட்டும் என்றுதான் நினைத்தேன். அது ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அவர் வாசல் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மருந்துக் கடை ஜன்னலருகே சரிந்தார். நெஞ்சை அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி, முழு பலத்தோடு அழுத்தினேன். பிழைக்கவில்லை. சின்ன டாக்டர் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அன்றுதான், பத்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பெரிய டாக்டர் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க கவனிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க சிஸ்டர்."

"பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன் சார்," என்றேன்.

வாய் தவறி வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவர் சீட்டைத் தேடி எடுத்தார், அப்புறம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

ஆமாம், மாற்றி எழுதியது நான்தான். தெரிந்தே கொன்றாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: நோயை முதலில் கண்டுபிடித்தது சிஸ்டர்தான்.