ஆடி மாதத்து ஸ்டார்

கிறிஸ்துமஸ் ஸ்டாரை ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கோபுரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் சார். அதுதான் ஒழுங்கு. அந்த வருஷம் எனக்கு முட்டுவலி. அத்தனை படி ஏற முடியாமல் அப்படியே விட்டுவிட்டேன். பங்குச் சாமியார் ஓரிரு தடவை சொன்னார். அப்புறம் அவருக்கும் மறந்துபோயிற்று.

உட்காருங்கள். கேஸை முடித்துவிட்டதாகவும், இனி இந்தப் பக்கம் வர வேண்டியிருக்காது என்றும் சொன்னீர்கள். சந்தோஷம். கட்டன் சாயா கொதித்துவிட்டது, குடித்துவிட்டுப் போகலாம். இன்ஸ்பெக்டர் என்றாலும் நனைந்தவர் நனைந்தவர்தானே.

நான் இந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பேன், தரையில் உருகிக் கிடக்கும் மெழுகைச் சுரண்டுவேன், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வேன். கோபுரத்துக்குக் கீழே இந்த அறைதான் வீடு. மனைவி கிரேசி இறந்த பிறகு ஊர் என்னிடம் பேசுவது இரண்டே பேச்சு. ‘சாவி எங்க?’ ‘இப்ப யாருக்கு மணி அடிச்சீரு?’

கோட்டுக்காரனைப் பற்றி நீங்களே கேட்டிருப்பீர்கள். கறுப்பு மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட். குளச்சல் வரைக்கும் அவன் பேச்சுத்தான். படகு எஞ்சின் திருடிய இருவரை ஏலக்கூடத்துத் தூணில் வலையால் சுற்றிவைத்துவிட்டுப் போனவன். பெண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்த ஒருத்தனை ஓட்டைப் பிரித்து இறங்கித் தூக்கிவந்து கடலில் முக்கியவன். பறப்பான் என்றார்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுப் பாறைகளில் அவன் தாவிப் போவதை மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிள்ளைகள் சுவரெல்லாம் கரியால் அவனை வரைந்தார்கள். முகத்தை யாரும் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். ஒரு பிப்ரவரி சாயங்காலம் தவறான சுவிட்சைத் தட்டிவிட்டேன். கோபுரத்தில் ஸ்டார் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் இந்தக் கதவில் நின்றான்.

“என்ன ஆபத்து மாமா? பிப்ரவரியில ஸ்டார் எரியுது?”

கோட்டில் அமோனியா வாடை. குரலும் தெரிந்ததுதான். “ஐஸ் கம்பெனி ஜெனோ இல்லியாலே நீ?” என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான்.

“வெளிய சொன்னீருன்னா உம்ம மணிக்கயித்துலயே உம்மக் கெட்டித் தொங்கவிடுவேன்.”

அன்று முதல் கட்டன் குடித்தான். ஆபத்து என்றால் ஸ்டாரைப் போடுவது என்று முடிவாயிற்று. இந்த அறை ஜன்னலிலிருந்து கடலும் கரையும் நன்றாகத் தெரியும். நான் பார்ப்பேன், போடுவேன், அவன் வருவான். வேலை முடிந்ததும் இங்கே வந்து கோட்டை உதறிவிட்டு, இப்போது நீங்கள் இருக்கிற இதே நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்வான். அவன் யாரென்று வீட்டில் மனைவி பெபிஷாவுக்கே தெரியாது. அவனுக்கும் பேச நான்தான் இருந்தேன்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. ஊர் திருந்திவிட்டது. அவனுக்குப் பயந்து திருட்டு நின்றது, அடிதடி நின்றது. நல்லதுதான். ஊரில் நல்லது நடக்க நடக்க என் அறைக்கு ஆள் வரவில்லை.

ஒரு வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வெறும் வள்ளம், யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்டாரைப் போட்டேன். நீந்திப் போய் இழுத்து வந்தான். அன்று இரண்டு கட்டன் குடித்தான்.

அடுத்தது வலைகள் போட்டுவைக்கும் வலைப்புரையில் தீ. உள்ளே மரியஜான் குடித்துவிட்டுப் படுத்திருப்பது எனக்குத் தெரியும். ஆள் இருந்தால்தானே அது ஆபத்து? இல்லாவிட்டால் ஜெனோவை ஏமாற்றியதாகிவிடும். மரியஜான் நன்றாகத்தான் இருக்கிறான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு காதுதான் போயிற்று. ஜெனோவுக்குக் கையில் தீக்காயம். மருந்து தடவிக் கட்டுப்போட்டேன். அன்று நெடுநேரம் இருந்தான்.

போன ஆனியில் வந்து நின்றுகொண்டே சொன்னான்.

“பெபிஷாவுக்கு ஏழாம் மாசம் மாமா. கோட்ட அடுப்புல போட்டாச்சு. நீரும் அந்த ஸ்டார இறக்கிரும்.”

“அப்போ நீ இனி வரமாட்டியா மக்கா?”

“எதுக்கு வரணும்?”

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை சார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் கோபமில்லை. ஆனால் கோட்டில்லாத ஜெனோ கொக்கி போட்டு ஐஸ் கட்டி இழுக்கிற ஒரு கூலிக்காரன். அவன் யாரென்று அவனுக்கு நினைவூட்ட வேண்டியது என் கடமை என்று பட்டது. வெறும் வள்ளத்துக்கு இனி வரமாட்டான் என்றும் பட்டது.

தூண்டில் வளைவின் முனையில் சிலுவை வைத்த சின்னக் குருசடி இருக்கிறதே, ஆடியில் கடல் ஏறினால் அதற்குப் போகிற வழி முங்கிவிடும். சுகப்பிரசவத்துக்கு அங்கே மெழுகுதிரி ஏற்றுவது இந்தக் கரையின் வழக்கம் என்று பெபிஷாவிடம் சொன்னேன். அப்படி ஒரு வழக்கமும் கிடையாது. அவள் வேறு ஊரிலிருந்து வந்தவள், நம்பினாள். அந்தி சாயும் நேரம் போனாள். அவள் உள்ளே முழங்காலிட்டதும் இரும்புக் கதவைச் சாத்தி வெளிக்கொண்டியைப் போட்டேன். காற்றில் தானாகவே விழுந்துவிட்டது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்து ஸ்டாரைப் போட்டேன்.

வந்தான். கோட்டில்லாமல், லுங்கியோடு, நனைந்துகொண்டு.

“யாரு மாமா?”

அவளைத் தேடி வரவில்லை, பாருங்கள். அவள் வீட்டில் இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது. ஐஸ் கம்பெனியிலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறான், யாரோ ஒருத்தருக்காக. வெறும் வள்ளமே போதுமாயிருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

குருசடிப் பக்கம் கையைக் காட்டினேன். கொண்டியைத் திறந்து அவளைக் குருசடியின் கூரைத் தளத்தின் மேல் ஏற்றிவிட்டான். அவன் ஏறுவதற்குள் அலை வந்துவிட்டது. அவளை வள்ளக்காரர்கள் போய் எடுத்தார்கள். நான் கட்டன் போட்டு வைத்திருந்தேன். ஆறிப்போயிற்று.

உடலைத் தேடி நீங்கள் வந்தீர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். முட்டம் பக்கம் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். தேங்காய்ப்பட்டணம் என்றேன். மறுபடியும் வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் இருந்து உங்கள் மகளின் படிப்பு, கிடைக்காத இடமாற்றம், சர்க்கரை வியாதி எல்லாம் சொன்னீர்கள். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இன்றைக்குத்தான் இனி வரமாட்டேன் என்கிறீர்கள்.

அவன் எங்கும் போகவில்லை சார். மறுநாள் விடிகாலை, நான் முதல் மணி அடிக்கும் முன்பே, எங்கள் கரையிலேயே ஒதுங்கிக் கிடந்தான். சவப்பெட்டி தள்ளுகிற வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். கிரேசியின் கல்லறையைத் திறந்து உள்ளே வைத்துச் சிமெண்ட் பூசினேன். அவளும் தனியாகத்தான் கிடந்தாள்.

நான் யாரையும் கொல்லவில்லை. கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமே. நான் மெதுவாகத்தான் சொல்வேன், விட்டுவிட்டுத்தான் ஞாபகம் வரும், நீங்கள் பல தடவை வர வேண்டியிருக்கும். உட்காருங்கள் சார். கட்டன் ஆறுகிறது.