அதிரசப் பரீட்சை

— ஏட்டி பிரம்மநாயகி, அதிரசத்தை அங்கன வைக்காதே, இங்கன வை. முறுக்கு இடது பக்கம். முறையாச் சொன்னா, வட்டம் முதல்ல, வளையம் பொறவு. செர்மனி தேசத்துக் குழந்தைப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான்.

— செர்மனியில அதிரசம் சுடுதாகளா?

— முறையைச் சொல்லுதேன், பண்டத்தை இல்ல. முக்கோணம் எங்கே?

— முக்கோணத்துக்கு நம்ம அம்பாசமுத்திரத்துல பண்டமே கிடையாது. தோசையை வெட்டி வச்சிருக்கேன்.

— மூணு முனையும் காது மாதிரி சுருண்டுல்லா கிடக்கு!

— விடியமுன்னேயே வெட்டச் சொன்னது யாரு? ஆறிப்போச்சு.

— சரி, பைய நவுத்து வை. நிறமெல்லாம் தயாரா?

— பச்சைக்குச் சிறுபயறு, கறுப்புக்கு உளுந்து, சிவப்புக்குத் துவரை. பிள்ளை கையில மொளகாவத்தலைக் குடுக்கச் சொன்னீகளே, அதை மட்டும் அடுக்களைக்கே கொண்டு போயிட்டேன்.

— ஏட்டி, விளையாட்டில்ல. ஆழ்வார்குறிச்சி உபாத்தியாயர் கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசியிருக்கேன். 'அறுசுவை வழியே அறிவுப் பெருக்கம்.' ஜார்ஜு ராசா பட்டத்துக்கு வந்த வருஷம் பொறந்த என் மக உலகம்மாளே அதுக்குச் சாட்சின்னு மேசையைத் தட்டினேன். இன்ஸ்பெக்டர் அனந்தநாராயண ஐயர் கண்ணை மூடிக் கேட்டாரு.

— உறங்கியிருப்பாரு.

— உறங்கினவரா, 'ஐயம்பெருமாள் பிள்ளைவாள், உம்ம வீட்டுக்கே வந்து குழந்தையைப் பாக்கறேன்'னு சொல்லுவாரு? இன்னைக்குச் சரியா வந்தா நான் தலைமை உபாத்தியாயர். தப்பாப்போச்சுன்னா சாத்தான்குளத்துக்கு மாத்தல்.

— சாத்தான்குளமா! ஆத்துல முங்கிக் குளிச்சுப் பழகினவ, அந்தப் பனங்காட்டுல ஒரு குடம் தண்ணிக்கு எங்க போய் நிப்பேன்?

— அதுக்குத்தான் ஒரு ஒத்திகை. உலகு, ஏ உலகம்மா, அப்பாவுக்கு ஒண்ணு எடு பாப்போம். ஒண்ணு... ஏன்ட்டி இவ முழிக்கா?

— அவளுக்கு ஒண்ணு தெரியாது.

— ஒண்ணு தெரியாதா! பத்து வரைக்கும் தெரியும்னு சபையில சொல்லியிருக்கேனே!

— ரெண்டுலேருந்து பத்து வரைக்கும் நல்லாவே தெரியும். ஒண்ணைத்தான் 'லாபம்'ம்பா.

— என்னதுட்டி?

— நெல்லு அளக்கையில மொத மரக்காலை யாரு 'ஒண்ணு'ன்னு சொல்லுவா? லாபம், ரெண்டு, மூணுன்னுதானே அளப்போம்? உலைக்கு அரிசி அளக்கையிலதான் நான் அவளுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தேன்.

— அடிப்பாவி! அப்போ நான் எழுதிக் குடுத்த பாடம்?

— அதைப் படிச்சுக் காட்டினேன். அவ உறங்கிட்டா. பொறவு நானும் உறங்கிட்டேன்.

— ஈசுவரா!

— இந்தாங்க, இன்னொண்ணும் இருக்கு. சொல்லவே பயமாயிருக்கு.

— இன்னுமா?

— அவ வெறும எண்ணமாட்டா. யாரு வாயிலயாவது ஊட்டினாத்தான் அடுத்த எண் வரும். அப்படியே பழகிப்போச்சு. வருதவரோ ஐயரு...

— சிவ சிவா! நம்ம வீட்டுத் தண்ணியே தொடமாட்டாரு அவரு. பழமும் காய்ச்சாத பாலும் தனியா வச்சிருக்கேன். இந்தப் பண்டமெல்லாம் அவர் கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்ல. பிள்ளையை ரெண்டு முழம் தள்ளி உக்கார வை. மூணு முழம்!

— வண்டிச் சத்தம் கேக்கு.

— கதவுக்குப் பின்னால போ! என் தலைப்பா எங்கே? மூச்சு விடாதே, என்ன?... வரணும் ஐயர்வாள், வரணும், வரணும்!

— போதும் பிள்ளைவாள், ஒரு தரம் சொன்னாப் போதும். குழந்தை எங்கே?

— அதுக்கு முன்னால, முறையாச் சொன்னா, இதன் தத்துவத்தை ஒரு அரை மணி நேரம்...

— கூட்டத்திலேயே கேட்டாச்சு ஓய். இவளா? கிட்ட வாடியம்மா.

— கிட்டன்னா... மூணு முழம்...

— இருக்கட்டும். குழந்தே, ஒண்ணு எடு பாப்போம். ஒண்ணு... பேசலையே பிள்ளைவாள்?

— நேத்து ஆத்துத் தண்ணி சில்லுனு இருந்தது ஐயர்வாள். சளி. அதோட கூச்சம். பொறவு...

— லாபம்னு கேளுங்க சாமி.

— யார் அது? கதவா பேசறது?

— காத்து ஐயர்வாள், காத்து!

— காத்து நன்னாப் பேசறதே. குழந்தே, லாபம்?

— லாபம்.

— ஐயோ உலகு! கையை எடுட்டி! அதிரசம்! எங்க வீட்டு எண்ணெய்ச்சட்டியில பொரிச்சது! துப்பிருங்க ஐயர்வாள், துப்பிருங்க!

— ரெண்டு.

— ஐயர்வாள், ரெண்டாவதுக்கு நீங்களே வாயைத் திறந்துட்டீங்களே!

— சும்மா இரும் ஓய். வாயில இருக்கு.

— மூணு.

— நான் இப்பமே மூட்டையைக் கட்டிச் சாத்தான்குளத்துக்குப் போயிருதேன். உத்தரவுகூட வேண்டாம்...

— பிள்ளைவாள், வாசலுக்குப் போய் வண்டிக்காரன் எட்டிப் பாக்கறானான்னு பாத்துண்டு அங்கேயே நில்லும். நான் கூப்பிடற வரைக்கும் உள்ளே வரப்படாது.

— இதோ... இதோ போயிட்டேன்.

— அம்மா, கதவுக்குப் பின்னாலதானே இருக்கேள்?

— இருக்கேன் சாமி. பச்சப்பிள்ளை, அறியாம ஊட்டிட்டா. பழக்கினவ நான்தான். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. அவுகளை மட்டும் மாத்திராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— யாரை மாத்தறது? நான் ரிப்போர்ட் எழுத வரலை அம்மா. பேனாகூடக் கொண்டு வரலை.

— பொறவு எதுக்கு சாமி இம்புட்டுத் தூரம்?

— உங்க குழந்தை ரெண்டரை வயசு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லையாமே?

— அதை எதுக்குக் கேக்கீக? ஊமைன்னே ஊர்ல முடிவு பண்ணிட்டாக. அரிசி அளக்கையிலதான் 'லாபம்'னு மொதமொத வாயைத் திறந்தா. அதையும் அவுக கூட்டத்துல சொல்லிட்டாகளா?

— அதை ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் சொன்னார். எங்காத்துக்குப் பால் ஊத்தற உங்க ஊர்ப் பேச்சித்தாய்தான் சொன்னா.

— அவ வாயில மண்ணைப் போட.

— அவளைத் திட்டாதீங்கோ. எனக்கு ஒரு பையன், நாலு வயசு முடியப்போறது. நாப்பது பள்ளிக்கூடத்துல ஊரார் குழந்தைகளை வாயைத் திற, வாயைத் திறன்னு மிரட்டிண்டு அலையறேன். அவன் இன்னும் என்னை அப்பான்னு கூப்பிட்டதில்லை... சொல்லுங்கோ அம்மா, முதல்ல அவன் கையில எதைக் கொடுக்கணும்?