நாலாம் பக்கத்துல கூட்டம்

தண்ணியெல்லாம் அப்புறமேட்டுக்குக் குடிச்சுக்கலாமுங் தம்பி. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. பொள்ளாச்சில சுந்தரராஜுலு வெச்சிருக்கற கலியாண ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே? ஆமாங்கறீங்க. நல்லதாப் போச்சு. அவரைக் கேட்டா, எனக்கென்னங்க தெரியும், காந்திபுரத்துல எழுதுன ஆளே இருக்கறாரு, அங்க போயிக் கேளுங்கன்னு கையைக் காட்டி உட்டுட்டாரு. அதான் இத்தனை படியேறி மூச்சு வாங்கிட்டு நிக்கறேன். உக்காரறேன், உக்காரறேன். ஐயோ, அந்தப் பையை நவுத்தாதீங்க சாமி, நொறுங்கற சாமான் இருக்குது. இங்கியே என்ற காலுக்குள்ள கெடக்கட்டும்.

கோவமா? கோவமெல்லாம் எங்கூட்டுக்காரருக்குங்க. பிரசருக்கு மாத்திரை முழுங்கறவரு. அவரு வந்திருந்தா இந்தப் பொட்டி முழுசா இருக்காது, நீங்களுந்தான். எனக்குக் கோவமில்லைங்க, வெசனந்தான். நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்தை உட்டவ. எங்கியாவது தப்பாப் பேசுனா மனசுல வெச்சுக்காதீங்க.

மாப்பளை பேரைத் தட்டுனா வெவரப் பக்கமுன்னு ஒண்ணு வருதுல்லீங்க, அதைத்தான் சொல்றேன். எங்க பொண்ணு லோகநாயகிக்கு வரன் பாக்க அங்க போனமுங்க. ஆபீசுல இருக்கற புள்ளை ஒவ்வொண்ணா வாசிச்சுது. மொதப் பக்கத்துல என்ன? பேரு, பொறந்த தேதி, ஒசரம். ஒசரம் எத்தனைன்னா நூத்தி எழுபதுங்குது. எங்கூட்டுக்காரரு அதென்ன அம்மிணி, தென்னமரமான்னு கேக்கறாரு. அடி கணக்குல போட்டா உங்க பொட்டி வேண்டாமுன்னு சொல்லுதுங்களா? பொறந்த தேதிய வெச்சு வயசக் கண்டுபுடிக்க நாங்க வெரலை மடக்கீட்டு உக்காந்திருக்கோணும். அதுக்குக் கீழ பொழுதுபோக்கு. எல்லாப் பசங்களுக்கும் ஒண்ணேதான், புத்தகம் படிக்கறது, ஷட்டில் காக் ஆடறது. எங்க பக்கத்துக் காட்டுக்காரன் மகன் எருமையத் தவுத்து எதையும் ஏறெடுத்துப் பாத்ததில்லை, அவனும் ஷட்டில் காக் ஆடறானாமா.

அப்புறம் ஒரு பட்டனை அமுத்துனா ரெண்டாம் பக்கம், படிப்பு, தொழில். இன்னொருக்கா அமுத்துனா ராசி, நட்சத்தரம். கை தவறி மேல இருக்கற பட்டனை அமுத்துனா மறுக்காப் பேருக்கே போயிருது. ரெண்டு தடவை அப்படிப் போச்சுங்க. எங்கூட்டுக்காரரு எந்திரிச்சுப் போட்டாரு. போதும், பையன் கருமத்தம்பட்டில தறி ஓட்டறான், பொருத்தமும் இருக்குது, வரச்சொல்லுங்கன்னு சொல்லீட்டாரு. நாலாம் பக்கத்துக்குப் போகவே இல்லை.

நாலாம் பக்கத்துல, அடீல, மூலைல, எறும்பாட்டம் எழுத்துல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? கூட்டம்.

நீங்க இந்தப் பக்கத்து ஆளில்லையா? மெட்ராசா? அப்ப உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. எங்க கவுண்டமாரு ஊடுகள்ல ஆளாளுக்கு ஒரு கூட்டமுங்க. ஒரே கூட்டமுன்னாப் பங்காளி. அதுக்குள்ள பொண்ணு குடுக்கறதும் இல்லை, எடுக்கறதும் இல்லை. மூஞ்சியே பாத்திராட்டியும் அவன் அண்ணன், இவ தங்கச்சி. பொண்ணு பாக்க வாரவங்க செருப்பக் கழட்டறதுக்கு முன்னாலயே கேட்டுக்கற சங்கதி அது. இந்தத் தடவை ஆருமே கேக்கலை. கம்ப்யூட்டர்ல பாத்ததாச்சேன்னு நாங்க இருந்துட்டோம். கம்ப்யூட்டர்ல பாத்ததாச்சேன்னு அவங்களும் வேன் ஏறி வந்துட்டாங்க.

அந்தக் கூத்தை எப்படிச் சொல்றதுங்க. பையன் பேரு தம்பிதுரை. லட்சணமான பையன். மாட்டுச்சாலைப் பக்கமா நின்னு எங்க லோகுகிட்டப் பேசுனான். அவ சிரிக்கறா. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால எல்லாம் உர்ருன்னு நிக்கற புள்ளைங்க அது. அவங்கம்மா பூ வெச்சு உட்டாங்க. எலை போட்டு, ஒப்புட்டு வெச்சு, நெய் ஊத்தறேன், பையனோட பெரியப்பன் சாவகாசமாக் கேக்கறாரு, ஏனுங், உங்களுக்குக் குலதெய்வம் எதுங்கன்னு. எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அவரு வாயில வெச்ச ஒப்புட்டு அப்படியே நின்னுபோச்சு. அவங்களுக்கும் அதே கோயிலுங்க. ஆந்தைக் கூட்டமான்னு இவரு கேக்க, ஆந்தைக் கூட்டமேதான்னு அவரு சொல்றாரு. அவங்கம்மா லோகு தலைல வெச்ச பூவைப் பாக்கறாங்க, எடுக்கறதா உடறதான்னு தெரியலை.

எங்கூட்டுக்காரரு சமாளிக்கறாராமா. செரி, ஒறம்பரையா வந்தீங்க, பங்காளியாப் போறீங்க, தம்பி, தங்கச்சிகிட்டச் சொல்லீட்டுக் கெளம்புன்னு சொல்லிப்போட்டாரு. அந்தப் பையன் மூஞ்சியப் பாக்கோணுமே! விளக்கெண்ணெய் குடிச்சாப்பல. சிரிக்காதீங்க தம்பி. செரி, சிரிங்க. நானும் சமையக்கட்டுக்குள்ள போயிச் சிரிச்சுட்டுத்தான் வந்தேன். அப்புறம் பாத்தா லோகு ஊட்டுக்குப் பின்னால, பொடக்காளில நின்னு அழுவறா.

அதனால, எழுதிக்கங்க. வெவரப் பக்கத்துல மொத வரி கூட்டம். கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியறாப்பல பெருசா, தமிழ்ல. அதுக்குக் கீழ குலதெய்வம். வயசு வயசாவே இருக்கோணும். ஒசரம் அடிக் கணக்குல. ஷட்டில் காக்கைத் தூக்கி எறிஞ்சுபோடுங்க. மேல இருக்கற பட்டனை அமுத்துனா முன்னப் பாத்த பக்கத்துக்குத்தான் போகோணும், மறுக்காப் பொறந்த தேதிக்கு இல்லை. எல்லாமே ஒத்தப் பக்கத்துல அடங்கீட்டா நெம்பப் புண்ணியம். எங்கூட்டுக்காரராட்டப் பாதீல எந்திரிச்சுப் போறவங்கதானுங்க ஊர்ல பாதி.

என்னது, அரை நாள்ல முடிச்சுருவீங்களா?

அரை நாளா? அத்தனை சுளுவுங்களா? இல்லை தம்பி, நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க. பெரிய வேலையாச்சுங்களே. பட்டனை வேற மாத்தோணுமில்ல?

முடிச்சுட்டா லோகு பக்கத்தைக் காட்டறீங்களா? அது வேண்டாமுங்க, அழிச்சுப்போடுங்க. இனி அவளுக்குத் தேவைப்படாது.

கலியாணம் ஆயிருச்சுங்க. ஆடி முடிஞ்ச கையோட, ரிஜிஸ்டர் ஆபீசுல. ஆரோடவா? வேற ஆரோட, அந்தத் தம்பிதுரையோடதான். எங்க லோகு பொள்ளாச்சில பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா. அங்கியே போயி, தங்கச்சியப் பாக்கோணுமுன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லீட்டுப் பாத்துட்டு வந்திருக்கறான். வாராவாரம் அண்ணன் வந்திருக்கறாரு டீச்சர்னு அந்தாளு போயிக் கூப்புட்டிருக்கறான். எங்கூட்டுக்காரரே குடுத்த ஒறவுதானுங்க.

அவரு எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொல்லீட்டாரு. அந்தப் பேரையே எடுக்கப்படாது. கருமத்தம்பட்டிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கப்படாது. ஆனா கம்ப்யூட்டர்காரனைத் திட்டறது மட்டும் தெனமும் நடக்குது. எல்லாத்துக்கும் அவந்தான் காரணம், நாக்கைப் புடுங்கிக்கறாப்பல நாலு வார்த்தை கேக்கோணும்பாரு. நாந்தான், அப்ப நான் போயிக் கேட்டுட்டு வாரனுங்கன்னேன். அவரே பஸ் ஏத்தி உட்டாரு.

பையில என்னவா? கச்சாயமுங்க, வெல்லம் போட்டுச் சுட்ட பலகாரம். இடிபட்டா நொறுங்கிப் போகும். இதோ இங்கிருந்து கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறுனா, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டு வந்தர்லாமுங்க. அவளுக்கு நாலாம் மாசம், வாயில எதுவும் வெக்க முடியலையாமா. இது மட்டும் எறங்குமுன்னு ஆரோ போன்ல சொல்லி உட்டா.

அந்தத் தண்ணியக் குடுங்க, குடிச்சுட்டுக் கெளம்பறேன். எங்கூட்டுக்காரரு உங்களுக்குப் போன் பண்ணுனா, அந்தம்மா இன்னும் சண்டை போட்டுட்டேதான் இருக்குதுங்கன்னு சொல்லீருங்க. அப்புறம் கண்ணு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரேடியா எல்லாத்தையும் சரி பண்ணிப்போடாதீங்க. வாரத்துக்கு ஒரு வரி மாத்துங்க, போதும். நான் வந்து வந்து திட்டீட்டுப் போறேன். இந்த வாரம் ஒசரம், அடுத்த வாரம் ஷட்டில் காக்.

கூட்டத்தைக் கடேசியா மேல ஏத்திக்கலாமுங்க.