பேட்டரிக்கு ஒரு வேண்டுதல்

வேண்டாம் தம்பி, ஸ்டூல் எல்லாம் எதுக்கு, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். முதல்ல அந்தப் பிரஷ்ஷக் கீழ வைங்க. வார்னிஷ் இன்னும் அடிக்கலையே? அப்பாடா, கடவுள் இருக்காரு. ஓடி வந்த அவசரத்துல பாருங்க, செருப்பு ரெண்டும் வேற வேற ஜோடி. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கோங்க, எனக்கே சிரிப்பாத்தான் வருது.

நான் யாரா? இந்தக் கட்டையோட சொந்தக்காரனுக்கு அம்மா. கட்டைன்னு சொல்லக் கூடாதுல்ல, பேஸ் கிட்டார். காலையில என் பையன் போன் பண்ணி, பேட்டரிக்குக் குழி தோண்ட வேண்டாம், பாஸிவ் பிக்கப்பே போட்டுடுங்கன்னு சொன்னானா? சொல்லியிருப்பான். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுதான் சொல்லியிருப்பான். அதக் கேக்காதீங்க. ஆக்டிவே போடுங்க. குழியத் தோண்டுங்க.

தெரியும் தம்பி, வார்னிஷ் அடிச்சப்புறம் தோண்டினா மரம் வீணாயிடும்னு. அதனாலதானே இந்த ஓட்டம்.

எனக்கு இதப்பத்தி என்ன தெரியுமா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஆரம்பத்துல பிக்கப் பிக்கப்னு இவன் சொன்னப்ப, யாரையோ ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வரப்போறான்னு நெனச்சேன். வர்றவங்க நம்ம வீட்லதான் சாப்பிடுவாங்களாடான்னு கேட்டுத் தொலைச்சேன். அதுலேர்ந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி தினம் எனக்குப் பாடம்தான். மனப்பாடமே ஆயிடுச்சு. கம்பி அதிர்றத வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பற காந்தம் அது. பாஸிவ்ல பேட்டரி கிடையாது, தொல்லையும் கிடையாது, ஆனா குமிழத் திருகினா சத்தம் குறையும், ஏறாது. எங்க வீட்டுக்காரர் மாதிரி. அவருக்கு டிவி சத்தத்தக் குறைக்க மட்டுந்தான் தெரியும். ஆக்டிவ்ல பேட்டரி இருக்கறதால அடிச்சத்தம், மேல்சத்தம் எல்லாத்தையும் ஏத்தலாம், எறக்கலாம். அது என் பொண்ணு மாதிரி. எறக்கறதுதான் கொஞ்சம் கஷ்டம்.

இவனுக்கு உசுரே அந்த ஆக்டிவ் சத்தத்து மேலதான் தம்பி. நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பாத்துட்டு வருவான், கிரீஸ் போகக் கைகூடக் கழுவாம, இப்ப இருக்கற பழைய கிட்டாரத் தூக்கி மடியில வெச்சுப்பான். அதுவும் ஆக்டிவ்தான். அந்த நேரம் அவன் மூஞ்சியப் பாக்கணுமே, பால் குடிச்சுட்டுக் கண்ணு சொருகற கைக்குழந்தைதான். ஆனா பாவம், பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. புதுசு மாத்துவான், கொஞ்ச நாள்ல செத்துப் போகும். போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு உச்சத்துக்குப் போறப்ப இவன் சத்தம் மட்டும் தண்ணி நின்ன குழாய் மாதிரி புர்ர் புர்ர்னு போயிடுச்சாம். பாடற பொண்ணு திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டாளாம். வேற யார் சிரிச்சிருந்தாலும் இவன் கவலப்பட்டிருக்க மாட்டான், அது வேற கதை. அன்னிக்கே முடிவு பண்ணிட்டான், இனி ஜென்மத்துக்கும் ஆக்டிவ் வேண்டாம்னு.

என்னது, ஒயரு சொருகியே இருந்தா பேட்டரி தீந்துடும்னா? அதத்தான் நேத்து தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் உருவித்தாம்மா வெக்கறேன், நீயே பாத்திருக்கியே, உருவித்தானேம்மா வெக்கறேன்னு. உண்மைதான், அவன் உருவித்தான் வெக்கறான். நான் சாட்சி. அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காந்து, அம்மா, நீ வேண்டிக்கறப்ப என் பேட்டரிக்கும் சேத்து வேண்டிக்கோம்மாங்கறான். நானும் கண்ண மூடிக்கிட்டேன். சிரிப்ப அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

ஏன் சிரிப்பா? சும்மாதான். பேட்டரிக்கு யாராவது வேண்டுவாங்களா?

இனிமே அப்படித் தீராது தம்பி. எப்படித் தெரியும்னா, வேண்டிக்கிட்டேன்ல. நீங்க தோண்டுங்க. விரலா? இது ஒண்ணுமில்ல, கரண்டி புடிச்சுக் காய்ச்சுப் போனது. கரண்டி புடிச்சா நுனியிலயா காய்க்கும்னா... ஐயோ, போயும் போயும் கிட்டார் செய்யறவர்கிட்டயா விரல நீட்டிப் பேசுவேன்!

அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. அவன்கிட்ட சொல்ல மாட்டீங்களே?

ஒருநாள் எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் அவன் ரூமப் பெருக்கிக்கிட்டிருந்தேன். தொடப்பம் பட்டு அந்தத் தடிச்ச கம்பி ம்ம்ம்னுச்சு. தம்பி, இத்தனை வருஷமா வேண்டறேன், அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ம் வந்ததில்ல. அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஒயரச் சொருகினா தரையே ம்ங்குது! அதுலேர்ந்து தினம் அதோடதான் வேண்டுதல். ஒவ்வொருத்தர் பேராச் சொல்லுவேன், கம்பிய ஒரு தட்டு தட்டுவேன். பொண்ணுக்கு ம். மருமகனுக்கு ம். வீட்டுக்காரருக்கு ரெண்டு ம், அவருக்கு சுகர் இருக்கு. இப்பல்லாம் பாட்டே ஒண்ணு ரெண்டு வருது. நடுவுல குக்கர் கத்தும், இல்ல வாசல்ல பெல் அடிக்கும், கிட்டார அப்படியே செவுத்துல சாத்திட்டு ஓடுவேன். சாயங்காலம் இவன் பைக் சத்தம் கேட்டாத்தான் ஞாபகமே வரும், ஓடிப்போய் ஒயர உருவுவேன். அதுதான் பேட்டரியக் குடிக்குதுன்னு நேத்து அவன் சொல்லித்தானே எனக்கே தெரியும்! காலையில பேட்டரிக்கும் அதுலயே வேண்டிட்டுத்தான் வந்தேன். அதுக்கும் ம்னுச்சு.

சிரிச்சது போதும், தோண்டுங்க தம்பி. அடுத்த தடவை அந்தப் பாடற பொண்ணு திரும்பிப் பாத்தா வேற மாதிரி பாக்கணும்.

அப்புறம், அதோ அந்த மூலையில தூசியா ஒண்ணு தொங்குதே, அது பாஸிவ்தானே? பேட்டரியே கிடையாதுல்ல? எறக்குங்க, எறக்குங்க, அது எனக்கு. ஒயரக் குடுங்க, நானே சொருகிக்கறேன். சொருகறதெல்லாம் எனக்கு நல்லா வரும், உருவறதுதான் மறந்துடும்.