பஸ் முழுக்கக் கேட்ட இரகசியம்

"சத்தமாவே சொல்லுங்க ராத்தா. பஸ் முழுக்கக் கேட்டாலும் ஒருத்தருக்கும் விளங்காது."

கல்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த சகோதரிகளில் இளையவள் சொன்னாள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வருகிறார்கள். அதற்கும் முன் சீட்டில் அவர்களின் உம்மா.

"கெம்பஸ்ல இரகசியம் மறைக்கிற கணக்கு, கிரிப்டோகிராபி, அதுல முதல் பாடமே இதுதான். ஆளுக்கொரு எண்ணை மனசுல நினைப்போம். அத்தனை ரெண்டை ஒண்டோடொண்டு பெருக்கி, பதின்மூண்டால பிரிச்சு, மிச்சத்தை மட்டும் சொல்லுவோம். எனக்கு ஆறு."

மூத்தவள் போனில் தட்டிப் பார்த்தாள். "எனக்குப் பதினொண்டு."

"இப்ப நீங்க நினைச்ச எண்ணளவு என்ட ஆறை ஒண்டோடொண்டு பெருக்கி, பதின்மூண்டால பிரிங்க. உங்கட பதினொண்டை நானும் அப்படிச் செய்றேன். மிச்சம் ரெண்டு பேருக்கும் ஒரே எண்தான். அது வேற ஆருக்கும் தெரியாது. மாப்பிள்ளைக்கு ஓம் எண்டா அதோட ஒண்டு கூட்டிச் சொல்லுங்க. வேணாமெண்டா கூட்டாமச் சொல்லுங்க."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

"எட்டு," என்றாள் மூத்தவள்.

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உம்மா திரும்பினார். "என்னடி சொன்னா?"

"நீங்களும் கேட்டீங்கதானே உம்மா. எட்டு."